பங்குனி விளக்கெண்ணெய்

போன வாரம் நாமக்கல்லில் ஓர் ஆயுர்வேத மருத்துவமனையில் மூட்டுவலிக்கு வைத்தியம் பார்க்கக் காத்திருந்தேன். உள்ளே யாரோ விளக்கெண்ணெயில் இஞ்சிச் சாற்றைக் கலந்தார்கள். அந்த வாசனையில் ஒன்பது வயதுக்குப் போய்விட்டேன்.

அப்பா லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தச்சர். வெயில் ஏறும் பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, வீட்டில் எல்லோருக்கும் பேதி மருந்து கொடுப்பார். பனிக்காலத்தில் சேர்ந்த சளியும் பித்தமும் அன்றோடு இறங்கிவிடும் என்பது அவர் நம்பிக்கை. யாரும் மறுத்துப் பேச முடியாது. மதியம் வரை வெந்நீர்தான், பிறகு மிளகு ரசச் சோறு.

அந்த வருடம் அம்மா டம்ளரை வாங்கவில்லை.

"எனக்கு வேண்டாமுங்க."

"வருசா வருசம் குடிக்கறதுதான? புடி."

"இந்தத் தடவ கூடாதுங்க. நாள் தள்ளிப் போயிருக்குது."

அப்பா நீட்டிய கையோடு நின்றார். எனக்குப் பிறகு உண்டான இரண்டும் மூன்றாம் மாதத்திலேயே கலைந்திருந்தன.

"ஏன் புள்ள எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா இதுவும் போயிருமோன்னு பயமுங்க."

அவர் டம்ளரைக் கொண்டுபோய் வாசல் வேப்பமரத்தடியில் கொட்டினார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"உனக்கு என்ன வேணும், சொல்லு."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "கொஞ்ச நேரம் படுத்துக்கறனுங்க."

அன்று ரசம் வைத்தது அப்பாதான். உப்பு அதிகம். ஐப்பசியில் தம்பி நல்லபடியாகப் பிறந்தான். அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது, பட்டப்பகலில் பாயில் அம்மா தூங்கிக்கொண்டிருந்ததுதான். அவள் தூங்கி அதுவரை நான் பார்த்ததே இல்லை.