மருந்து இல்லாத கூண்டு

இன்சுலின் ஊசி போட்டுக்கொண்ட அரை மணி நேரத்துக்குள் மலர்க்கொடி அக்கா சாப்பிட்டாக வேண்டும். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு கல்யாணம். ஊசியைப் போட்டுக்கொண்டு பந்திக்குக் காத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் முதலில் உட்கார்ந்துவிட்டார்கள். சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்க, சமையற்கட்டுக்கு ஓடி ஒரு ஜாங்கிரியை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். "ஒரு பந்தி வரைக்கும் பொறுக்கல பாரு" என்று யாரோ ஒரு அம்மாள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அதன்பிறகு பதினோரு வருடமாக அக்கா எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. வீடு, துவாக்குடி பஸ், அனிமல் ஹவுஸ். அவ்வளவுதான்.

அனிமல் ஹவுஸ் என்பது எங்கள் ஆய்வகத்தின் பின்னறை. ஆராய்ச்சி எலிகளுக்குத் தீனி வைப்பதும் கூண்டு கழுவுவதும் அவருடைய ஒப்பந்த வேலை. நான் ஜீயபுரத்துக்காரன், எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள், இப்போது ஆராய்ச்சி மாணவன். இன்சுலினை வாய்வழியாகக் கொடுக்க முடியுமா என்பதுதான் என் ஆய்வு.

"ஏன் தம்பி, ஊசில இருக்கறத அப்படியே குடிச்சா ஆகாதா?" என்று அக்கா ஒருநாள் கேட்டார்.

"சோறு மாதிரி அதையும் வயிறு செரிச்சிடும்க்கா. அதான் கண்ணுக்கே தெரியாத துகளுக்குள்ள வச்சு அனுப்பறோம். எறா ஓட்டுலேருந்து எடுத்த பொருள்தான் அதுக்கு உறை. வயித்தத் தாண்டிக் குடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துடும்."

"எறாவா? நான் சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டேனே!" சிரித்தார். "பரவாயில்ல, பெருமாள் கண்டுக்க மாட்டாரு. இந்த ஊசி போனாப் போதும்."

கூண்டுகள் மூன்று வரிசை. எல்லா எலிகளுக்கும் சர்க்கரை நோயை வரவழைத்திருந்தோம். முதல் வரிசைக்குத் துகள் மருந்து, இரண்டாவதற்கு ஊசி, மூன்றாவதற்கு, ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் தண்ணீர்.

"அதுங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் அக்கா. எனக்கு அவசரம். "அது அப்படித்தாங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. துகள் மருந்து குடித்த எலிகளுக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. ஒன்றுமே கொடுக்காத எலிகளுக்கும் ஏறக்குறைய அதே அளவு இறங்கியிருந்தது. பிறகு மருந்துதான் வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது? என் வழிகாட்டி லிசி மேடம் தாளைக் கவிழ்த்து வைத்தார். "வெறும் தண்ணி குடிச்சதுக்கும் இறங்கியிருக்கு. இத இதோட விட்டுடலாம். வேற மருந்து பாருங்க."

தண்ணீர் பாட்டில்களோடு வாசலில் நின்றிருந்த அக்காவின் காதில் அது விழுந்துவிட்டது.

மதியம் கூண்டு கழுவும் தொட்டியருகே என்னைக் கூப்பிட்டார். "தம்பி, மூணாவது வரிசைக்கு நான் வெந்தயத் தண்ணி ஊத்துனேன்."

"என்னக்கா சொல்றீங்க?"

"எனக்கு ஊறவைக்கறதுதான். வடிகட்டிக் கொண்டாந்து தெனமும் பாட்டில்ல கொஞ்சம். சுகர் வந்த உசுரு, மருந்தில்லாமக் கெடக்குதேன்னு... மத்த கூண்டத் தொடவே இல்ல. அதுங்களுக்குத்தான் நீங்க குடுக்கறீங்களே."

"ஒரு மாசம் போச்சேக்கா!" கத்திவிட்டேன்.

அவர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார். "சொன்னா வேல போயிரும். சொல்லலேன்னா அந்த மருந்தத் தூக்கிப் போட்டுருவாங்க. நான் எங்க போறது, சொல்லுங்க."

"நான் வேணா மேடம்கிட்ட..."

"வேணாம். நீங்க சொன்னாக் கோள் சொன்ன மாதிரி இருக்கும்."

அவரே போனார். கதவு மூடியது. வெளியே வந்து சொன்னார். "இனிமே எலிங்க பக்கம் போகக் கூடாதாம். மார்ச்சுல ஒப்பந்தம் முடியற வரைக்கும் பாட்டில் கழுவணும். அப்புறம் வேல இல்ல."

"ஆராய்ச்சி?"

"மொதல்லேருந்து பண்ணப் போறாங்களாம்." அதைச் சொல்லும்போது மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார். நல்ல முடிவே வந்தாலும் மனிதர்களுக்குக் கிடைக்கப் பல வருடங்களாகும். அது அவருக்குத் தெரியும், சொன்னவனே நான்தான்.

புது எலிகள் வந்தன. சாப்பாட்டு நேரத்தில் அக்கா அனிமல் ஹவுஸ் கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிபன் டப்பாவோடு நின்றார். நான் கதவைத் திறந்தேன். அவர் வாசற்படியைத் தாண்டவில்லை.

"மூணாவது வரிசைக்கு என்ன தம்பி?"

"வெறும் தண்ணிதாங்க்கா."

"அது போதும்" என்றவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஊசி போட்டு இருபது நிமிடமாகியிருக்க வேண்டும். டப்பாவைத் திறந்து, நின்றபடியே அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தார்.