கார்னர் கொடியோரம் நின்ற நான்கு பெண்கள்

பந்தைத் தொடாமல் இருப்பதற்காகத்தான் எங்களை டீமில் சேர்த்தார்கள்.

காலை வெயிலில் சுண்ணாம்புக் கோட்டின் வாடை மூக்கில் ஏறும். அந்தக் கோட்டுக்கு உள்ளே, கார்னர் கொடி பக்கத்தில், நானும் நிர்மலாவும் நிற்போம். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தோம். புத்தூரிலிருந்து ஞாயிறுதோறும் ரயிலேறித் திருப்பதிக்குப் போய் நின்றோம். ஆம், நின்றோம். ஆடினோம் என்று எழுதினால் பொய்.

பிள்ளைகளுக்கான ஃபுட்பால் லீக் அது. பக்கத்துக்கு ஏழு பேர். ரூல் பேப்பரில் ஒரு வரி இருந்தது: ஏழு பேரில் இரண்டு பெண்கள் எப்போதும் மைதானத்துக்குள் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்த டீம் தோற்றதாகக் கணக்கு.

எங்கள் கோச் அந்த வரியை நன்றாகவே படித்திருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் அந்த கார்னர்ல நில்லுங்கம்மா. பாலு ஜோலிக்குப் போகாதீங்க. வந்துச்சுன்னா தினேஷு வந்து எடுத்துக்குவான்."

தினேஷ் எங்கள் கேப்டன். ஐந்து வாரத்தில் அவன் எங்களிடம் பேசியது ஒரே வார்த்தை. "ஒதுங்கு!"

எதிர் டீம்களும் லேசுப்பட்டவை இல்லை. அவர்களும் தங்கள் இரண்டு பெண்களை அதே கார்னருக்கு அனுப்பினார்கள். ஆக, எந்த மேட்ச்சிலும் கொடியோரம் நான்கு பெண்கள். பையன்கள் அங்கே புழுதி கிளப்புவார்கள். இங்கே நாங்கள் கணக்கு டீச்சரைத் திட்டிக்கொண்டிருப்போம்...

ஆறாவது வாரம் வந்தது திருப்பதி டீம். அதில் பத்மஜா என்று ஒருத்தி. வாய் சும்மா இருக்காது.

"எங்க சாரு இன்னா சொன்னாரு தெரியுமா? 'கதலகண்டி'. அசையவே கூடாதாம். நான் இன்னா, எலக்ட்ரிக் கம்பமா?"

"கம்பத்துல லைட்டாச்சும் எரியும்," என்றாள் நிர்மலா.

சிரித்தோம். அப்புறம் பத்மஜா சிரிப்பை நிறுத்தினாள்.

"நாங்க வெளிய போனா நீங்க ஜெயிப்பீங்க. நீங்க போனா நாங்க ஜெயிப்போம். நாலு பேரும் போனா?"

நிர்மலா கோட்டைப் பார்த்தாள், அப்புறம் கோச்சைப் பார்த்தாள்.

"எங்க நைனாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடுவாரு," என்றாள் நிர்மலா.

"உங்க நைனாவா இங்க வெயில்ல நின்னுகினு இருக்காரு? வாடி!" என்றேன்.

நான்கு பேரும் கோட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்தோம். ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தோம்.

ரெஃப்ரி ஒரு காலேஜ் பையன். விசில் அடித்தான். பாக்கெட்டிலிருந்து ரூல் பேப்பரை எடுத்தான், இந்தப் பக்கம் படித்தான், திருப்பிப் படித்தான். "சார்... ரூல்படி ரெண்டு டீமும் தோத்துடுச்சு சார்."

எதிரெதிராகக் கத்திக்கொண்டிருந்த இரண்டு கோச்சுகளும் அன்றைக்குத்தான் ஒன்றுசேர்ந்து கத்தினார்கள். எங்களைப் பார்த்து.

தினேஷ் ஓடி வந்தான். "ஏய், ஒரு கோல் லீடிங்ல இருக்கோம்டி! உள்ள வாங்கடி!"

"பாலு குடுப்பியா?"

"உனக்கு ஆடவே தெரியாதே!"

"அஞ்சு வாரமா குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். குடுப்பியா, மாட்டியா?"

அவன் கோச்சைப் பார்த்தான். கோச் வானத்தைப் பார்த்தார். "குடுத்துத் தொலைடா," என்றார்.

உள்ளே போனோம். ரெஃப்ரி பேப்பரை மடித்துப் பாக்கெட்டில் வைத்துவிட்டு மறுபடி விசில் அடித்தான். மீதி பத்து நிமிடம். தினேஷ் வாக்குத் தவறவில்லை, முதல் பந்தையே எனக்குத் தள்ளிவிட்டான். நான் கால்விரல் நுனியால் ஓங்கி உதைத்தேன். அது நேராகப் பத்மஜாவிடம் போனது. அவள் ஒரே ஓட்டமாக ஓடி எங்கள் கோலில் அடித்துவிட்டாள். ஒன்றுக்கு ஒன்று.

"பாத்தியா? இதுக்குத்தான் குடுக்கல!" என்று தினேஷ் கத்தினான்.

நான் உதைத்தது மோசம்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்மஜாவும் ஐந்து வாரம் கம்பமாக நின்றவள்தானே? அவளுக்கு ஓட வரும் என்று அவள் கோச்சுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது முறை பந்து வந்தபோது நான் உதைக்கவில்லை. காலால் அழுத்தி நிறுத்தினேன், நிமிர்ந்து பார்த்தேன், நிர்மலாவுக்குத் தள்ளினேன். அவள் தினேஷுக்குத் தள்ளினாள். கோல் விழவில்லை. எனக்கு அதில் துளி வருத்தமில்லை.

அடுத்த வருடம் புது ரூல் பேப்பர் வந்தது. அந்த வரி இல்லை. 'விருப்பமுள்ள பெண்கள் சேரலாம்' என்று போட்டிருந்தார்கள். எங்கள் விருப்பத்தை யாரும் வந்து கேட்கவில்லை. எங்களுக்குப் பந்து கொடுப்பதைவிட ரூலை அடித்து நீக்குவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

நான் விடவில்லை. இன்று சத்தியவேடு பக்கம் கம்பெனி வேலை. வார லீவில் எங்கள் ஷிஃப்ட் பெண்களோடு ஆடுகிறேன். நன்றாகவே ஆடுகிறேன்.

போன மாதம் திருப்பதியில் ஒரு பிள்ளைகள் லீக் பார்க்கப் போனேன். அன்று புழுதி, இன்று பச்சை டர்ஃப். அன்று பையனுக்கு ஒரு பனியன், இன்று முதுகில் பேர் போட்ட ஜெர்சி. போட்டோ எடுக்கத் தனியாக ஆள். இரண்டு பெண்கள் ரூலும் திரும்பி வந்திருக்கிறது, போட்டோவில் நன்றாக இருக்கும் அல்லவா?

டர்ஃபைச் சுற்றிய வலையோரம், கோட்டுக்கு உள்ளே, நான்கு சின்னப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மேட்ச் முடியும்வரை பார்த்தேன். ஒருத்தி காலிலும் பந்து படவில்லை.

அன்று எங்களுக்குக் கோட்டைத் தாண்டி உட்கார மட்டும்தான் தெரியும். இன்று எழுதவும் தெரியும். லீக்கின் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்து எழுதினேன்: "ரூலில் ஒரு வரி சேருங்கள். பெண் பிள்ளைகள் கால் படாமல் வந்த கோல் செல்லாது."

நீல டிக் விழுந்தது. கீழே ஒரு குட் மார்னிங் ரோஜா. அதற்குக் கீழே அடுத்த வார மேட்ச் லிஸ்ட்...

நேற்று மறுபடி அனுப்பினேன்.

"அந்த வரியை எப்போது எழுதுவீர்கள்?"