மழைக்காகக் காத்திருந்த சுபோதினி

வெள்ளவத்தையில் கணித ஆசிரியையாக இருக்கும் சுபோதினி, இரண்டு வருடமாக வாகனம் ஓட்டவில்லை. காலி வீதியில் ஒரு மழைநாளில் அவளுடைய பழைய கார் பிரேக் பிடித்தும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய் பஸ்ஸின் பின்பக்கத்தில் மோதியது. பக்கத்தில் இருந்த மகளுக்குக் காறை எலும்பு முறிந்தது. எலும்பு பொருந்திவிட்டது. சுபோதினிக்கோ ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை வியர்த்தது.

இந்த வருடம் சிறிய எஸ்யூவி ஒன்று வாங்க வீட்டில் முடிவானபோது, "வாங்க முதல் காரை நான்தான் ஓடிப் பாப்பன்," என்று கணவன் யோகநாதனிடம் சொல்லிவிட்டாள்.

விற்பனை நிலையத்தில் ராகுலன் என்ற இளைஞன் சாவியை நீட்டினான். வெளியே வெயில் கொளுத்தியது.

"இண்டைக்கு வேண்டாம் தம்பி. மழை பெய்யிற அண்டைக்கு வாறன்."

அவள் பகிடி விடுகிறாள் என்று ராகுலன் நினைத்தான். அடுத்த கிழமை, மழை கொட்டிய பிற்பகலில் கணவனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

ராகுலன் அவர்களைக் கொட்டாஞ்சேனையில் கம்பனிக்குச் சொந்தமான ஆளில்லாத திறந்த வளவொன்றுக்குக் கூட்டிப்போய், அங்கே ஸ்டியரிங்கை அவளிடம் விட்டுவிட்டுப் பக்கத்து இருக்கைக்கு மாறினான். சுபோதினி வேகமெடுத்தாள். வளவின் நடுவில் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். காலுக்கடியில் பெடல் கடகடவென்று அதிர்ந்தது. பயந்து காலை எடுத்துவிட்டாள்.

"காலை எடுக்காதீங்க மிஸ். சில்லு வழுக்காமல் பிடிக்கிற ஏபிஎஸ் வேலை செய்யேக்க அப்பிடித்தான் அதிரும். அமத்திப் பிடிச்சுக்கொண்டே திருப்புங்க."

"காணும், நிப்பாட்டு சுபோ, முகமெல்லாம் வெளிறிப்போச்சு," என்றான் பின்னால் இருந்த யோகநாதன்.

"பேசாமல் இருங்கோ. இன்னொருக்கா."

இந்த முறை காலை எடுக்கவில்லை. பெடல் அதிர அதிர ஸ்டியரிங்கைத் திருப்பினாள். வண்டி சொன்ன பக்கம் திரும்பி நின்றது. மூச்சை விட்டாள். அதோடும் நிறுத்தவில்லை. கால் தானாகவே அழுத்திப் பிடிக்கப் பழகும்வரை திரும்பத் திரும்ப ஓட்டினாள்.

திரும்பும்போது காலி வீதியிலும் அவளே ஓட்டினாள். பம்பலப்பிட்டியில் ஓர் ஓட்டோ குறுக்கே பாய்ந்தது. வண்டியின் மோதல் எச்சரிக்கை ஒலி கேட்பதற்கு முன்பே அவள் கால் பிரேக்கில் இருந்தது. ஓட்டோக்காரன் கையைக் காட்டிவிட்டுப் போனான்.

விற்பனை நிலையத்தில் ராகுலன், கூரையில் கண்ணாடி வைத்த மொடலைக் காட்டினான். யோகநாதனுக்கு அதில் ஆசை.

"எங்களுக்கு வானம் பாக்கிற வேலை இல்லை," என்றாள் சுபோதினி. "ஆறு ஏர்பேக் உள்ளதைத் தாங்கோ தம்பி."

அதையே பதிந்துவிட்டு வந்தார்கள். இப்போது பள்ளிக்கூடத்துக்கு அவளே ஓட்டிப் போகிறாள், மழை நாளிலும்.