முதல் ஆயிரம் கிலோமீட்டர்

கொல்லிமலை ஏறும்போது என் பிக்கப் வண்டிக்குப் பின்னால் வரும் பஸ்காரர் ஆரன் அடிப்பதை நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது. அடித்துப் பிரயோசனமில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. வளைவில் கொஞ்சம் இடம் கிடைத்ததும் அவர்பாட்டுக்கு முந்திக்கொண்டு போவார். சன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். கரும்புகை விட்டுக்கொண்டு முதல் கியரில் முனகும் வண்டியையும் அதற்குள் இருக்கும் ஆளையும் பார்த்து அவர்கள் என்ன நினைத்தார்களோ. எனக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வண்டியை நான் வாங்கியதே வீட்டில் படுத்துத் தூங்குவதற்காக. இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டினேன். நாமக்கல்லில் ஏறி உட்கார்ந்தால் நாக்பூர், இந்தூர், கல்கத்தா என்று சுற்றிவிட்டு வர ஒரு மாதம்கூட ஆகும். என் மகள் நடக்கப் பழகியதும் போனில்தான் தெரியும், அவள் வயதுக்கு வந்ததும் போனில்தான் தெரியும். அவள் கல்யாணத்துக்கு மட்டும் முழுசாக நாலு நாள் வீட்டில் இருந்தேன். அது முடிந்த கையோடு, இனி லாரி ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டு இந்தப் பழைய பிக்கப்பை வாங்கினேன். சேந்தமங்கலம் பக்கத்துப் பண்ணைகளில் முட்டை ஏற்றி, மலைமேல் இருக்கும் கடைகளில் இறக்க வேண்டும். மத்தியானச் சோறு வீட்டில். ஐம்பது வயதுக்குமேல் நான் கேட்டது இவ்வளவுதான், பெரிய ஆசை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் வண்டிக்கும் வயதாகிவிட்டதே. முட்டை ஏற்றிவிடும் மொத்த வியாபாரி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஏனுங்க, பத்து மணிக்கு முட்டை வந்தா யாருக்கு ஆம்லெட் போடறதுன்னு கடைக்காரங்க கேக்கறாங்க. வெரசா ஏறற மாதிரி வண்டிய ரெடி பண்ணுங்க. இல்லீன்னா நான் வேற வண்டி பாத்துக்கறனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் இவ்வளவு மரியாதையாகப் பேசினால் முடிவு பண்ணிவிட்டார் என்று அர்த்தம். மலை ஓட்டம் கைவிட்டுப் போனால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை. லாரி முதலாளி ஒருவர் மாதம் தவறாமல் போன் பண்ணி, "சீட்டு காலியாத்தான் இருக்குது, எப்ப வாரீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் போன் வரும்போதெல்லாம் என் மனைவி கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். வியாபாரி சொன்னதை அவளிடம் சொன்னேன். மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். வண்டி சரியாகி நான் ஊரிலேயே இருந்துவிட்டால் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதாக வேண்டுதல்.

சேலம் சூரமங்கலத்தில் ஒரு பாய் இஞ்சின் வேலை செய்வார். லாரி ஓட்டிய காலத்திலிருந்து பழக்கம். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இறக்கிடலாம்ணே. ஆனா பழைய மாதிரி கட்டுனா பழைய மாதிரிதான் போகும்" என்றார்.

"பழைய மாதிரி வேண்டாங்க பாய். மலையில பஸ்ஸ முந்தோணும்."

அவர் என் நரைத்த தலையைப் பார்த்துச் சிரித்தார். "இந்த வயசுல யாரோட ரேஸுண்ணே?"

மூன்று வாரம் வேலை நடந்தது. சும்மா வீட்டில் உட்கார முடியாமல் நானும் தினமும் போய் போல்ட்டுகளை டீசலில் ஊறப்போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். இஞ்சின் பிளாக் லேத்துப் பட்டறைக்குப் போய்ப் புது லைனருடன் வந்தது. பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசு. அடிபட்டு உடைப்புக்கு வந்த பிந்தைய மாடல் வண்டி ஒன்றிலிருந்து இழுவையைக் கூட்டும் டர்போவைக் கழற்றிவந்து பொருத்தினார். பம்பில் டீசல் கூடுதலாக வரும்படி வைத்தார். ஹெட் போல்ட்டை மட்டும் அவரே முறுக்குவார், அப்போது யாரும் அவரிடம் பேசக்கூடாது. முறுக்கிவிட்டுக் கை கால் கழுவித் தொழுகைக்குப் போய்வந்து, எல்லா போல்ட்டையும் திரும்ப ஒரு சுற்று பார்த்தார். அந்த நிதானம் எனக்கு இருந்திருக்கலாம்.

வண்டி எடுக்கிற அன்று என் மனைவியும் எலுமிச்சம்பழம், சூடத்தோடு வந்திருந்தாள். பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, முதல் ஆயிரம் கிலோமீட்டர் லோடு கூடாது. மலை கூடவே கூடாது. ரிங்கு லைனர்ல நல்லா ஒக்காரணும். ஓமலூர் வரைக்கும் போறது வர்றதுன்னு சமதரையில காலியா ஓட்டுங்க. அப்பறம் ஆயில மாத்திட்டு நானே கூட வந்து மலை ஏத்திக் காட்டறேன்."

தலையாட்டினேன். இருபத்திரண்டு வருடம் ஓட்டியவனுக்கு இதெல்லாம் தெரியாததா. தெரிந்துதான் இருந்தது.

ஊருக்குத் திரும்பும்போது ராசிபுரம் தாண்டி ஒரு மேம்பாலத்தில் மூன்றாம் கியரிலேயே வண்டி இழுத்துக்கொண்டு ஏறியது. சீட்டில் முதுகு அழுந்தியது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த என் மனைவியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எங்கள் சொந்தபந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. இஞ்சினை இறக்கி ஏற்றினால் அது புது வண்டிக் கணக்கு. குலதெய்வம் கோயிலுக்குப் போய்வராமல் வாடகைக்கு லோடு ஏற்றக்கூடாது. மற்றவர்களுடைய சாமியெல்லாம் சமவெளியில் ஏதாவது வயக்காட்டு ஓரத்தில் இருக்கும், பத்து நிமிடத்தில் போய் வந்துவிடுவார்கள். எங்கள் சாமி கொல்லிமலைமேல் இருக்கிறது. கிடா வேண்டுதல் வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் இருபத்து மூன்று பேர், ஒரு கிடா, அண்டா, அரிசி மூட்டை, விறகு எல்லாம் வண்டியில் ஏறின. கறிச்சோறு என்றால் எங்கள் ஆட்களுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்து நாள் சமதரையில் ஓட்டிவிட்டுப் போகலாம், சாமி எங்கேயும் போய்விடாது என்றால் யாரும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பாய் சொன்னதை என் மனைவியிடம்கூட நான் சொல்லவில்லை. வழக்கத்தை மீறக்கூடாது என்ற பயமெல்லாம் எனக்கு இல்லை. வழக்கம் நல்ல சாக்காகக் கிடைத்தது. எனக்கு அந்த பஸ்ஸை முந்தவேண்டும், அதை எல்லோரும் பார்க்கவேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

முந்தவும் செய்தேன். பத்தாவது வளைவுக்குமேல் பஸ்ஸைப் பிடித்துத் தாண்டியபோது பின்னால் பங்காளிகள் விசில் அடித்தார்கள். பஸ்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் என் இடுப்பு வலி, முட்டி வலி எல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

நாற்பதாவது வளைவை நெருங்கும்போது இஞ்சின் சூடு காட்டும் முள் மேலே போயிருந்தது. ஆயில் தீய்கிற வாசனை. இழுவை தளர்ந்தது. எந்த டிரைவராக இருந்தாலும் அங்கே நிறுத்தியிருப்பான். கீழே இரண்டு வளைவு தள்ளி பஸ் வருவது கண்ணாடியில் தெரிந்தது. நான் கியரைக் குறைத்து மிதித்தேன்.

ஒரே சத்தம். வண்டி குலுங்கி நின்றது. இறங்கிப் பார்த்தால் ரோட்டில் ஆயில் வழிந்து ஓடிக்கொண்டிருக்கிறது. பிஸ்டனைப் பிடித்திருக்கும் ராடு உடைந்து, பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே தெரிந்தது.

பஸ் வந்தது. பாவம், பஸ்காரர் ஒரு வார்த்தை கேலியாகப் பேசவில்லை. பங்காளிகளையும் அண்டாவையும் ஏற்றிக்கொண்டார். கண்டக்டர் கிடாவை மட்டும் ஏற்ற மாட்டேன் என்றதால் இரண்டு பேர் அதை இழுத்துக்கொண்டு நடந்தே போனார்கள். சாமிக்குச் செய்யவேண்டியது குறைவில்லாமல் நடந்தது. சாயங்காலம் எங்களுக்குத் தூக்குப்போசியில் கறிச்சோறும் வந்தது.

என் மனைவி போகவில்லை. சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு ரோட்டோரச் சுவரில் வந்து உட்கார்ந்தாள். ரோட்டில் வழிந்த ஆயிலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"ஏனுங்க, எம்பட வேண்டுதல்ல ஏதாச்சும் கொற வந்துருச்சுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல புள்ள" என்றேன். பழியை அவள் எடுத்துக்கொண்டாள், நான் பேசாமல் விட்டுவிட்டேன்.

வண்டியைக் கட்டி இழுத்துச் சேலம் கொண்டுபோனோம். பாய் பிளாக்கில் இருந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். இஞ்சின் கட்டிய பிறகு நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவர் திட்டவில்லை. "இது இனி தேறாதுண்ணே" என்று சொல்லிவிட்டு டர்போவைப் பத்திரமாகக் கழற்ற ஆரம்பித்தார். அடுத்த வாரம் நான் லாரி ஏறினேன்.

போன மாதம் நாக்பூர் பக்கத்தில் ஒரு மில் வாசலில் லோடு இறக்க வரிசையில் நின்றிருந்தேன். மத்தியான வெயில். அவள் போன் பண்ணினாள். சாமிக்கு இன்னொரு கிடா நேர்ந்துகொள்ளலாமா, முதல் வேண்டுதலில்தான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று தொடங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை. பாய் சொன்னதையும் நான் மறைத்ததையும் பஸ்ஸுக்காக மிதித்ததையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் அவள் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"தெரியுமுங்க" என்றாள். "வண்டி எடுத்த அன்னிக்கு நீங்க டீ வாங்கப் போயிருந்தப்ப பாய் எங்கிட்டயும் சொன்னாரு. 'அண்ணன் கேக்க மாட்டாரு, நீங்களாச்சும் மலை ஏத்த உடாதீங்கம்மா'ன்னாரு."

"அப்பறம் ஏம்புள்ள சொல்லாம இருந்த? பின்ன எதுக்கு வேண்டுதல்ல கொறையான்னு கேட்ட?"

"தெரிஞ்சும் ஏத்த உட்டனுங்களே, அதுதானுங்க கொற." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அந்தப் பாலத்துல ஏறயில நீங்க சிரிச்சீங்க. கண்ணாலம் ஆனதுல இருந்து அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லீங்க. அதப் பாத்துட்டு வேண்டாம்னு எப்படிங்க சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. முன்னால் நின்ற லாரி நகர, பின்னால் இருப்பவன் ஆரன் அடித்தான்.

"எப்பங்க வாரீங்க?" என்று கேட்டாள்.

திரும்பி வர லோடு இன்னும் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.