தண்ணீர் கொடுக்காத அத்தை

என் பெரியப்பா எப்படிச் செத்தார் என்று எங்கள் சொந்தக்காரர்களில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். தங்கச்சிக்காரி தண்ணீர் கொடுக்காமல் கொன்றுவிட்டாள். வேறு எந்த விஷயத்திலும் இரண்டு பேர் ஒத்துப்போகாத குடும்பம் எங்களுடையது. இந்த ஒன்றில் மட்டும் மாற்றுக் கருத்தே கிடையாது.

பெரியப்பா தோணித் தண்டல். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் கருங்கல் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு போகும் தோணிக்கு அவர்தான் தலைவர். கரையில் நின்று கூப்பிட்டால் நங்கூரம் போட்டிருக்கும் தோணியில் கேட்கும், அப்படி ஒரு குரல். அந்தக் குரல் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது நின்றுபோனது. வலது கையும் வலது காலும் அதோடு போயின. ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். மூக்கு வழியே குழாய் போட்டுக் கஞ்சி விட்டார்கள். வீட்டுக்கு அனுப்பிய அன்று ஒரு நர்ஸ் பெரியம்மாவிடம் எதையோ வேகமாகச் சொன்னார். பெரியம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆட்டோவில் ஏறியதும் என் அப்பாவிடம், "அந்தப் பிள்ள என்னல சொல்லிச்சு?" என்று கேட்டாள். அப்பா டிரைவரோடு வாடகை பேசிக்கொண்டிருந்ததால் அவருக்கும் தெரியவில்லை.

இரண்டாம் நாளே பெரியப்பா இடது கையால் குழாயைப் பிடுங்கி எறிந்தார். மறுபடி போட வேண்டாம், பார்க்கச் சகிக்கவில்லை என்று பெரியம்மா அழுதாள். அப்போதுதான் சௌதியிலிருந்து அத்தை வந்தாள்.

அத்தை பெரியப்பாவுக்குத் தங்கை, என் அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் வீட்டு மாடி அவள் அனுப்பிய பணத்தில் எழும்பியது. லீவில் வரும்போதெல்லாம் சாக்லேட்டும் சென்ட்டுமாக வந்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சிரிக்க, சிரித்துவிட்டுப் போவாள். இந்தத் தடவை பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. கைகழுவிவிட்டு நேராக அண்ணன் கட்டிலுக்குப் போய், அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு டீஸ்பூன் தண்ணீரை வாயில் விட்டு, தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, "அண்ணே, ஆ சொல்லு" என்றாள்.

பெரியப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பானைக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரிச் சத்தம். அத்தையின் முகம் மாறிவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து அத்தை பாடம் எடுத்தாள். எனக்கு ஒன்பது வயது. என்னையும் உட்காரவைத்தாள், அதனால் எனக்கு ஒரே பெருமை.

"தொண்டைக்குள்ள ரெண்டு பாதை இருக்கு. ஒண்ணு வயித்துக்கு, ஒண்ணு நெஞ்சுக்கு. நடுவுல ஒரு கதவு. நாம விழுங்கும்போது நெஞ்சுப் பாதைய அது டக்குன்னு மூடிரும். அண்ணனுக்கு வாதத்துல அந்தக் கதவு மந்தமாயிட்டு. கூழு மாதிரி கெட்டியா குடுத்தா மெதுவாப் போகும், கதவு மூட நேரம் கிடைக்கும். தண்ணின்னா ஓடிரும். நுரையீரலுக்குள்ள போயிரும். போனா சளி கட்டி, காய்ச்சல் வந்து, ஆளு தங்காது."

"இருமல் வருமே. வந்தா நிப்பாட்டிரலாம்லா?" என்று பெரியம்மா கேட்டாள்.

"சில சமயம் இருமலே வராது மைனி. அதுதான் மோசம்."

தண்ணீர், காபி, ரசம், இளநீர் எதுவும் வாயில் ஊற்றக் கூடாது என்றாள் அத்தை. தாகத்துக்கும் கேப்பைக் கூழ்தான், ரவைக் கஞ்சிதான். படுத்த நிலையில் ஒரு பருக்கைகூடக் கூடாது. உட்காரவைத்து, தலை குனிய நாடியை நெஞ்சோடு தாழ்த்தி, இடது பக்கமாக ஒரு சின்னக் கரண்டி. விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. வலது கன்னத்துக்குள் உணவு தங்கும், அவருக்கு அது தெரியாது, விரலில் துணி சுற்றித் துடைத்து எடுக்க வேண்டும்.

என் அம்மா, "பாவம், ஆளு பசியில கிடக்கிற மாதிரி இருக்கே" என்றாள்.

"முதல்ல மூச்சு. பிறகு பசி. நம்ம பாசம் எல்லாத்துக்கும் கடைசிதான்" என்றாள் அத்தை.

இந்த ஒரு வாக்கியத்தை அவள் சொல்லாமலிருந்திருக்கலாம். பிறகு பல வருஷம் அதை எல்லோரும் அவளுக்குப் பாசமே கிடையாது என்பதற்குச் சாட்சியாகச் சொன்னார்கள்.

ஒரு சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அத்தை முகம் சுளிக்காமல் ஊட்டுவாள். நடுவே புரட்டிப் படுக்கவைப்பாள், முதுகில் சிவப்பு தெரிகிறதா என்று தடவிப் பார்ப்பாள், நனைத்த பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடைப்பாள். அந்தப் பஞ்சைப் பெரியப்பா உதட்டால் கவ்விக்கொள்வார். விடமாட்டார். அத்தை மெதுவாக இழுப்பாள். பார்த்துக்கொண்டிருக்கும் பெரியம்மா எழுந்து வெளியே போய்விடுவாள்.

பெரியப்பாவுக்கு மிஞ்சியிருந்த பேச்சு ஒன்றே ஒன்றுதான். இடது கைப் பெருவிரலை வாய்க்குக் கொண்டுபோய்ச் சாய்ப்பார். தண்ணீர். அறைக்குள் யார் வந்தாலும் சாய்ப்பார். என்னிடமும் சாய்ப்பார். நான் அத்தை சொன்னபடி, "இப்ப கூழு வரும் பெரியப்பா" என்பேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

பார்க்க வந்தவர்கள் மக்ரூன் பொட்டலமும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். எதையும் அவருக்குக் கொடுக்க முடியாது, அதனால் மக்ரூன் எல்லாம் எனக்கு. வந்தவர்கள் அந்தச் சைகையைப் பார்த்துவிட்டு, அத்தையின் பாடத்தையும் கேட்டுவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது பெரியம்மாவிடம் மெல்லப் பேசுவார்கள். முத்தையாபுரத்திலிருந்து வந்த பெரியம்மாவின் அக்கா மட்டும் மெல்லப் பேசவில்லை.

"ஏளா, கடல்ல பொழைச்ச மனுசன். தண்ணியிலயே கிடந்தவர். அவருக்கு ஒரு வாய் தண்ணி இல்லையாக்கும்? உலகத்துல எவனாவது தண்ணி குடிச்சுச் செத்திருக்கானா? அரபிக்காரனுக்குப் பீ மூத்திரம் அள்ளினவ சொல்லுதான்னு நீயும் பாத்துக்கிட்டு இருக்கியே."

உள்ளேயிருந்த அத்தைக்கு அது கேட்டிருக்கும். அவள் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் பெரியப்பா கொஞ்சம் தேறினார் என்பதை இன்று யாரும் சொல்வதில்லை. கூழை முன்பைவிடச் சீக்கிரம் விழுங்கினார். ஒரு நாள், "ம்மா" என்று ஒரு சத்தம் வந்தது, தெளிவாக. அத்தை கைதட்டிச் சிரித்தாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் தண்ணீரைக் கரண்டியில் கொடுத்துப் பார்க்கலாம் என்றாள். லீவை நீட்டச் சொல்லி எழுதியிருந்தாள்.

அப்போது மாதா கோயில் திருவிழா வந்தது. தேர் இழுக்கும் நாளில் பெரியம்மாவே அத்தையைப் போகச் சொன்னாள்.

"வந்த நாள்லேருந்து வாசப்படி தாண்டல நீ. போய் மாதாவப் பாத்து அண்ணனுக்காகக் கேட்டுட்டு வா. நான் அவியளப் பாத்துக்கிடுதேன்."

அத்தை தயங்கினாள். பிறகு முகம் கழுவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு, என் அப்பா அம்மாவோடு கிளம்பினாள். வாசலில் திரும்பி நின்று, "மைனி, கூழு குடுத்தாச்சு. நான் வாரவரைக்கும் ஒண்ணும் வேண்டாம்" என்றாள். எனக்கு முந்தின நாள் திருவிழாக் கடையில் தின்றது ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. என்னைப் பெரியப்பா கட்டில் தெரியும்படி எதிர் அறையில் பாயில் படுக்கவைத்துவிட்டுப் போனார்கள்.

வெடிச் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியப்பா தேர்நாள் என்பதைப் புரிந்துகொண்டார் போலும். கண்ணில் நீர் வழிந்தது. பெருவிரலை வாய்க்குச் சாய்த்தார். பெரியம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள். மறுபடி சாய்த்தார். மறுபடி வைத்தாள். மூன்றாம் தடவை அவள் எழுந்துபோய் மண்பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். கட்டிலில் உட்கார்ந்து அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"குடிங்க. அவ வாரதுக்குள்ள குடிங்க."

அவர் குடித்தார். பாதி கழுத்தில் வழிந்தது. ஒரு தடவை இருமினார், கொஞ்சமாக. பெரியம்மா நெஞ்சைத் தடவிவிட்டாள். பிறகு செம்பு காலியாகும்வரை குடித்தார். குடித்துவிட்டு, கோணிப்போன வாயில் பாதிச் சிரிப்பு சிரித்தார். பெரியம்மா அவர் நெற்றியில் முகத்தை வைத்து அழுதாள். அவர் இடது கை அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. அந்த ஒரு மாதத்தில் அந்த வீட்டில் நான் பார்த்த ஒரே சந்தோஷம் அதுதான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அத்தை திரும்பி வந்தவள் கோயில் பூவை அண்ணன் தலைமாட்டில் வைக்கக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். மூச்சைக் கேட்டாள்.

"மைனி, எதாவது குடுத்தியளா?"

"ஒண்ணும் குடுக்கல."

"சொல்லுங்க மைனி. தெரிஞ்சாத்தான் எதாவது செய்ய முடியும்."

"மாதா மேல சத்தியமா ஒண்ணும் குடுக்கலங்கேன்."

விடிந்தபோது காய்ச்சல் அனலாக அடித்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றார். வராந்தா பெஞ்சில் அத்தை தனியாக இருந்தபோது நான் பக்கத்தில் போய், நடந்ததைச் சொன்னேன். எனக்கு அதில் ஒளிக்க வேண்டியது எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை. அத்தை என் வாயைத் தன் கையால் பொத்தினாள். வலிக்கிற அளவுக்குப் பொத்தினாள்.

"நீ தூங்கிட்டு இருந்த. ஒண்ணும் பாக்கல. என்ன?"

அத்தை சொன்னதால் தலையாட்டினேன். அந்த வாரமே பெரியப்பா போய்ச் சேர்ந்தார்.

சவப்பெட்டியை நடுவீட்டில் வைத்திருந்தார்கள். பெரியம்மா பெட்டியின் மேல் விழுந்து அழுதுகொண்டிருந்தாள். அத்தை உள்ளேயிருந்து வந்து அவள் தோளைத் தொட்டாள். தீப்பட்டவள் மாதிரி பெரியம்மா திரும்பினாள்.

"தொடாதளா! ஒரு வாய் தண்ணிக்கு ஏங்க வச்சே எம் புருசனைக் கொன்னுட்டியே! நெஞ்சு காஞ்சு போனாவளே!"

முத்தையாபுரத்துக்காரி அதைப் பிடித்துக்கொண்டாள். அவளைத் தொடர்ந்து தெருப் பெண்களும். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். அத்தை என் அப்பாவைப் பார்த்தாள். அப்பா பக்கத்தில் வந்து, கோபமில்லாமல், அதுதான் கொடுமை, மிகவும் தன்மையாகச் சொன்னார்:

"ஒரு வாய் குடுத்திருக்கலாம்லாக்கா."

அத்தை அடுப்படிக்குப் போய்விட்டாள். கல்லறைக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. கூட்டத்தின் கடைசியில் தானாக நடந்து வந்தாள். அதன் பிறகு வீட்டில் அவள் கலந்த காபியை யாரும் தொடவில்லை. பெரியம்மாவுக்குப் பிரஷர் உண்டு. அத்தை கருவியை எடுத்துக்கொண்டு போனபோது பெரியம்மா கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

லீவு முடியும் முன்பே அத்தை கிளம்பினாள். மாடி அறையைப் பிறகு அப்பா வாடகைக்கு விட்டார். கிறிஸ்மஸுக்கு மட்டும் அவளிடமிருந்து ஒரு போன் வரும். அப்பா நின்றுகொண்டே பேசி வைத்துவிடுவார். பெரியம்மா அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தாள். ஒவ்வொரு நினைவு நாள் ஜெபத்திலும் வந்தவர்களுக்கு அந்தக் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தச் செம்புத் தண்ணீர் நடக்காததாகவே ஆகிப்போனது. அவளுக்கு உள்ளுக்குள் தெரியுமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தமோ என்று சில நாள் தோன்றும். அத்தை செய்தது சரிதானா என்று சில நாள் ஆத்திரமாக வரும். ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தியை இப்படி மொத்தமாகப் பலி கொடுக்க வேண்டியிருந்ததா?

அத்தை கிளம்பிய காலையில் பஸ் ஸ்டாண்ட் வரை அவளோடு போக யாரும் இல்லை. ஆட்டோ வரும்வரை நான் அவள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன்.

"பெரியம்மா ராத்திரி மாத்திரை போடுதாளான்னு பாத்துக்க. நான் சொன்னேன்னு சொல்லாத" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "பெரியம்மாதான் தண்ணி குடுத்தாவன்னு நீங்க ஏன் சொல்லல? எல்லாரும் உங்களத்தான் ஏசுதாவ."

அத்தை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ திரும்பி வருவது தெரிந்தது.

"சொல்லிட்டா, அவ இனிமே எப்படிளா தண்ணி குடிப்பா?"

ஆட்டோ போனதும் நான் வீட்டுக்குள் வந்தேன். பெரியம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். செம்பை மொண்டு, அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்தாள். மறுநாளும் பார்த்தேன். அதற்கடுத்த நாளும் பார்த்தேன். நன்றாகத்தான் குடித்தாள். இவ்வளவு படித்த அத்தைக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.