பொட்டை அடைத்த மதில்

எங்கள் ஊரில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒழுங்கைக்குள் வந்தால் யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம். அன்று காலையும் யார் எவர் என்று கேட்க எல்லாரும் வாசல் படலைக்கு வந்து நின்றார்கள். வந்தது மரண அறிவித்தல் இல்லை, பிரதேச சபையின் அறிவித்தல். தாழமுக்கம் கிட்ட வந்துவிட்டது, நாளை மத்தியானம் கடல் ஊருக்குள் ஏறலாம், கரையோரத்தில் இருப்பவர்கள் இன்றைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும், வெள்ளம் ஓடுகிற வழியையும் ஆட்கள் வெளியேறுகிற வழியையும் அடைத்து வைத்திருப்பவர்கள் உடனே திறந்துவிட வேண்டும் என்று அது சொல்லிக்கொண்டு போனது.

செத்தது யாருமில்லை என்று தெரிந்ததும் சனத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கடலுக்கும் நோட்டீஸ் குடுத்திட்டியளோ?" என்று ஒருவர் ஓட்டோக்காரரைக் கேட்டார். சுனாமிக்குப் பிறகு வருடா வருடம் மார்கழியில் இப்படி எச்சரிக்கை வருவதும், நாங்கள் பாயும் தலையணையுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய் நுளம்புக்கடி வாங்கித் திரும்புவதும் வழக்கமாகிவிட்டது. கடைசி வீட்டுக்காரர் ஒரு தென்னை மட்டையைத் தூக்கி ஓட்டோவுக்கு எறிந்தார். அது ஒலிபெருக்கியில் பட்டு அறிவித்தல் பாதியில் நின்றுபோக, ஒழுங்கை முழுதும் சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. அறிவித்தலின் கடைசி வரி எனக்கென்றே எழுதியது. அது எனக்கும் தெரியும், ஒழுங்கைக்கும் தெரியும்.

எங்கள் அப்பா தன் காணியை இரண்டாகப் பிரித்து, கடற்கரைப் பக்கத்துத் துண்டைத் தங்கச்சிக்குச் சீதனமாகக் கொடுத்தார். மேட்டுப் பக்கத்துத் துண்டு எனக்கு. நடுவில் ஒரு கிடுகுவேலி, வேலியில் ஒரு பொட்டு. ஆள் குனிந்து போய்வருகிற இடைவெளியைத்தான் பொட்டு என்போம். கறிச்சட்டியும் சண்டையும் சமாதானமும் அதற்குள்ளால்தான் போய்வந்தன. வேலி அடைக்கிற காலம் வந்தால் தங்கச்சியின் புருஷன், என் மச்சான், வேலியைத் தாங்குகிற கதியால் தடிகளைப் பிடுங்கித் திரும்ப நடுவான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் நான் கயிறு பிடித்து அளந்து பார்த்தேன். வேலி என் பக்கம் ஒரு சாண் நகர்ந்திருந்தது. கேட்டேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குத்தான் அடித்தேன், நிலத்துக்கு இல்லை. நட்டிருந்த கதியாலையே பிடுங்கி அடித்தேன், அவனுடைய புருவம் பிளந்தது. அவன் என் முன்பல்லில் ஒன்றை உடைத்தான்.

அடுத்த மாதமே மதில் எழுப்பினேன். வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது என் தொழில், ஆனால் அந்த மதிலுக்கு நானே நின்று கம்பி கட்டினேன். ஏழு அடி உயரம், மேலே சீமெந்து காயமுதல் போத்தல் துண்டுகளை ஒவ்வொன்றாகக் குத்திவைத்தேன். பொட்டு இருந்த இடத்தில் இரண்டு கம்பி கூடுதலாகப் போட்டேன். தங்கச்சி அந்தப் பக்கம் நின்று, கடைசிக் கல் வைக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் விடுவானா? எனக்குப் போட்டியாக ஒழுங்கைப் பக்கம் அவனும் ஒரு மதில் கட்டி இரும்புக் கேற் போட்டான். கிழக்குப் பக்கத்து வளவுக்காரர் வெளிநாட்டில், அவர்களின் மதில் ஏற்கெனவே இருந்தது. ஆக, தங்கச்சியின் வளவுக்கு மூன்று பக்கம் மதில், நாலாவது பக்கம் கடல்.

அன்று பின்னேரம் சபையிலிருந்து ஒரு பெண் உத்தியோகத்தர் மழைக்கோட்டோடு வந்தார். ஒவ்வொரு வளவாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் முற்றத்தில் நின்று மதிலைக் காட்டினார்.

"ஐயா, உதிலை ஒரு ஆள் போற அளவுக்கு உடைச்சு விடுங்கோ. ஒழுங்கை பள்ளம். கடல் ஏறினால் முதலிலை அதுதான் நிரம்பும். கீழை இருக்கிறவைக்கு வேறை வழி இல்லை."

"அவைக்குக் காலிருக்கு. இப்பவே நடந்து போகச் சொல்லுங்கோ."

"சொன்னனான் ஐயா. உங்கடை படலையைத் தாண்டிப் போறதிலும் கடலோடை போறது நல்லம் எண்டு அவர் சொல்லுறார்."

"அப்ப போகட்டும்!"

அதன்பிறகு அந்தப் பெண்ணை நான் என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. கையில் இருந்த ஸ்பானரை ஓங்கினேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். அவர் பின்னுக்கு நடந்தே படலை வரை போனார். என் மனைவி சமையலறை வாசலில் நின்று, "உங்களுக்கு விசர் முத்திப்போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஊரில் பலர் கடல் வரும் என்று நம்பவில்லை. நான் நம்பினேன். நாற்பது வருடம் அந்தக் கடலைப் பார்த்தவன், அன்றைக்கு அது கிடந்த கிடையே சரியில்லை என்று எனக்குத் தெரியும். வரும் என்று நம்பிக்கொண்டுதான் மதிலை உடைக்க மாட்டேன் என்றேன். மச்சான் வந்து கேட்கவேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "கதியாலைத் தள்ளினது நான்தான், வழி விடு" என்று அவன் வாயால் சொல்லவேண்டும். என் மண்டைக்குள் அதைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கே காற்று பிடித்துவிட்டது. சுழற்றி அடித்ததில் தென்னைகள் தலை வட்டைக் குலுக்கிக் காய்களை எறிந்தன. ஒரு காய் என் பட்டறைத் தகரத்தைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போவோம் என்று பையோடு நின்றாள். "கொஞ்சம் பொறு" என்றேன். எதற்குப் பொறுக்கச் சொல்கிறேன் என்று அவளுக்கு விளங்கியிருக்கும், பையைக் கீழே வைத்துவிட்டாள்.

பதினொரு மணிக்குப் பிறகு கடல் வந்தது. முதலில் சத்தம்தான், லொறியிலிருந்து கல் பறிக்கிற சத்தம். பிறகு மதிலுக்கு மேலால் தங்கச்சி வீட்டுச் சமையலறைக் கூரை ஒரு பக்கமாகச் சாய்வதைக் கண்டேன். ஓடுகள் சரிந்து உடைந்தன. ஒழுங்கைக்குள் தண்ணீர் இடுப்பளவுக்கு ஏறி, பலகையையும் வலையையும் செத்த ஆட்டையும் உருட்டிக்கொண்டு ஓடியது. கரையில் கட்டியிருந்த ஒரு வள்ளம் கயிறு அறுந்து அதே வழியால் வந்து, மச்சானுடைய கேற்றில் மூக்கைக் குத்தி இறுகி நின்றது. இனி அந்தக் கேற் திறக்காது.

என் முற்றத்தில் மழைத்தண்ணீர் கணுக்கால் அளவுதான். மதில் நன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் கட்டிய மதில் அல்லவா.

"அண்ணை!"

மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிட்டது அன்றுதான். நான் ஓடவில்லை. இதை எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதி ஒரு பிரயோசனமும் இல்லை. முற்றத்தில் நின்றபடி மச்சானின் குரல் கேட்குமா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் முறையும் அவள்தான் கூப்பிட்டாள். என் மனைவி என் முதுகில் இரண்டு கையாலும் குத்தினாள். "கேக்குதில்லையோ, தங்கச்சி கூப்பிடுறாள்!" என்று கத்தினாள். மூன்றாம் முறை கூப்பிட்டபோது அது பேராக இருக்கவில்லை, வெறும் அலறல். மதிலின் மேல் விளிம்பில் அவளுடைய பத்து விரல்களும் தெரிந்தன.

போத்தல் துண்டுகளுக்கு மேலேதான் பிடித்திருந்தாள். எதன்மீதோ ஏறி நின்று எட்டிப் பிடித்திருக்கிறாள், காலுக்குக் கீழே இருந்ததை அலை அடித்துப் போயிருக்கிறது. இப்போது முழுப் பாரமும் கையில். இரத்தம் என் பக்கத்துச் சுவரில் வழிந்து மழையில் கலந்து போனது.

ஏணி வைத்திருக்கலாம், சாக்கை மடித்துப் போட்டுத் தூக்கியிருக்கலாம் என்று பிறகு ஊரே எனக்குப் புத்தி சொன்னது. அந்த நேரம் கைக்கு வந்தது கிடங்கு கிண்டுகிற இரும்பு அலவாங்கு. அவள் தொங்கிய இடத்திலிருந்து மூன்று அடி தள்ளி, பழைய பொட்டு இருந்த இடத்தில் குத்தத் தொடங்கினேன். நாலாவது குத்துக்குப் பதில் குத்து கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து மச்சான் நங்கூரத்தால் அடித்துக்கொண்டிருந்தான், நெஞ்சளவு தண்ணீரில் நின்று.

"ஒரு சாண் நிலத்துக்கு என்ரை மனிசியைக் கொல்லுறியேடா, நாயே!"

"கதியாலைத் தள்ளினது ஆரடா? நீ தள்ளாட்டி உந்த மதில் வந்திருக்குமோ?"

"தள்ளினனான்தான்ரா! ஓம், தள்ளினனான்! அடியடா!"

மூன்று வருடம் நான் கேட்கக் காத்திருந்த சொல் அதுதான். கேட்டபோது எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை. கல்லை உடைத்தேன், கம்பி வந்தது. கம்பியை நெம்பினேன், அது வளைந்து வளைந்து திரும்ப நின்றது. பொட்டை அடைக்கக் கூடுதலாகப் போட்ட அந்த இரண்டு கம்பியும் என் கை மணிக்கட்டை உலுக்கி எடுத்தன. அழுதுகொண்டு அடித்தேன். அவனும் திட்டிக்கொண்டே அடித்தான். எங்கள் இருவரில் யார் கூடக் கெட்ட தூஷணம் சொன்னது என்று தெரியாது, மனைவி காதைப் பொத்தவில்லை, அவளும் சேர்ந்து திட்டினாள்.

திடீரென்று மதில் என் பக்கமாக வயிறு தள்ளியது. அடுத்த அலையோடு ஒரேயடியாக விழுந்தது. தண்ணீர் என்னை மல்லாக்கத் தூக்கிப் பட்டறைச் சுவரில் அடித்தது. வாய்க்குள் மண்ணும் உப்பும். கல்லுகள் காலில் உருண்டன. எழுந்து பார்த்தபோது மச்சான் ஒரு தோள் தொங்கிப்போய் முற்றத்தில் முழங்காலில் நின்றான். மற்றக் கையால் தங்கச்சியின் தலைமயிரைப் பிடித்திருந்தான், விட்டால் தண்ணீர் கொண்டுபோய்விடும் என்பதுபோல. மூன்று பேருமாக அவளை இழுத்து வீட்டு விறாந்தையில் போட்டோம். கண் திறந்திருந்தது. கைகளை நான் பார்க்கவில்லை. மனைவி தன் சேலையைக் கிழித்துச் சுற்றினாள்.

வீதி மேட்டில் சபையின் டிரக்டர் நின்றது. அதில் நேற்றைய அந்தப் பெண் உத்தியோகத்தர்தான் நின்றுகொண்டிருந்தார். தங்கச்சியைத் தூக்கி ஏற்றக் கை கொடுத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். ஏதாவது ஏசுவார் என்று நினைத்தேன், ஏசினால் நல்லது என்றும் இருந்தது. அவர் போர்வையை எடுத்துத் தங்கச்சியின் காலைப் போர்த்திவிட்டு அடுத்த வீட்டுக்கு இறங்கிப் போனார்.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் இரண்டு முறை அறுவை செய்தார்கள். விரல்கள் இருக்கும், ஆனால் வலது கையில் மூன்று விரல் இனி மடங்காது என்றார்கள். நரம்பை இவ்வளவுக்கு வெட்டியது எது என்று டொக்டர் கேட்டார். மச்சான், "கடல் அடிச்சு விழுத்தினது" என்றான். நான், "இல்லை டொக்டர், நான் மதிலிலை வைச்ச போத்தில்" என்றேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்து எதையோ எழுதிக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் மச்சான் நல்லாயிருந்த கையால் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். சனம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மற்றக் கன்னத்தையும் காட்டிக்கொண்டு நின்றேன், அவன் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து அழத் தொடங்கினான்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரம். புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த தங்கச்சியின் மகள் வெள்ளம் வடியாமல் வந்துசேரவில்லை, என் மனைவி வீட்டில் சேறு அள்ளிக்கொண்டிருந்தாள், மச்சானின் தோளுக்குக் கட்டுப் போட்டிருந்தது. தங்கச்சியின் இரண்டு கையும் முழங்கை வரை வெள்ளைத் துணி. தீத்திவிட நான்தான் இருந்தேன். புட்டையும் சொதியையும் குழைத்து ஒரு வாய் கொடுத்தேன். முகத்தைத் திருப்பாமல் வாங்கினாள். இரண்டாவது வாய் கொடுத்தபோது என் விரல்களைக் கடித்தாள்.

விளையாட்டுக் கடி இல்லை. பல் இறங்கியது. என்னைப் பார்த்துக்கொண்டே, கண்ணிலிருந்து தண்ணீர் ஓட ஓட, இறுக்கிக் கடித்தாள். எலும்பில் பல் உரசுவது எனக்குத் தெரிந்தது. பக்கத்துக் கட்டில் பெண் "மிஸ்ஸி, இஞ்சை ஓடி வாங்கோ!" என்று தாதியைக் கூப்பிட்டுக் கத்தினாள். நான் கையை இழுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பிறகு அவளாக விட்டாள்.

"நோகுதோ அண்ணை?"

"ஓம்" என்றேன்.

தட்டில் என் இரத்தம் ஒரு துளி விழுந்திருந்தது. அந்தப் புட்டை ஒதுக்கிவிட்டு மற்றப் பக்கத்தில் குழைத்தேன். அவள் வாயைத் திறந்தாள்.