இரண்டு தாய்மாமன்கள்

போன வாரம் என் மகள் புதுக் கார் வாங்கி உத்திரமேரூர் கோயில் வாசலில் பூஜை போட்டாள். சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தது. பழவாசனையும் பெட்ரோல் வாசனையும் சேர்ந்து அடித்ததும் எனக்கு அத்தை ஞாபகம் வந்துவிட்டது. சாமி ஞாபகம் வரவேண்டிய இடத்தில் எனக்கு எப்போதும் இப்படித்தான், வேறு யாராவது வந்துவிடுவார்கள்.

அத்தை என்றால் நைனாவின் அக்கா. எங்கள் மானாம்பதிப் பக்கம் அப்பாவை நைனா என்போம். வண்டி கிளம்புவதற்கு முன்பே அத்தைக்குக் குமட்டல் கிளம்பிவிடும். பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை எலுமிச்சம்பழம் மூக்கை விட்டு நகராது. அவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் நாங்கள் காரில் கடல் பார்க்கப் போனோம்.

எண்பத்தொன்றோ இரண்டோ. நான் ஐந்தாம் வகுப்பு. கடல் பார்க்க ஆசைப்பட்டது நான் இல்லை, அம்மா. அரைநாள் பயணத்தில் கடலை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு வயதுவரை அதைப் பார்க்காதவள். கேட்கும்போதெல்லாம் நைனா, "அறுப்பு முடியட்டும்" என்பார். அறுப்பு முடிந்தால் உழவு வந்துவிடும். கடைசியில் செங்கல்பட்டில் இருந்த அம்மாவின் தம்பிதான் மனமிரங்கித் தன் பழைய அம்பாசிடரைக் கொண்டுவந்து விட்டார். "சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வண்டி என் வூட்டாண்ட வந்துடணும் மாமா" என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனார்.

நைனாவுக்குத் தெரிந்தது டிராக்டர். காரையும் அப்படியே ஓட்டினார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கலப்பை ஒழுங்காக வருகிறதா என்பதுபோல் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்ப்பார். செங்கல்பட்டு தாண்டியதும் யாருடையதோ ஒரு நவரை நெற்பயிர் நோய் கண்டு மஞ்சளடித்து நின்றது. வண்டியை நிறுத்தி வரப்பில் இறங்கிவிட்டார். முன்பின் தெரியாத அந்த வயல்காரரோடு முக்கால் மணி நேரம் வைத்தியப் பேச்சு. திரும்பி வந்து, அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, "கடல் எங்கியும் பூடாது" என்றார்.

திருக்கழுக்குன்றம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு மாட்டு வண்டி அச்சு முறிந்து சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் மணக்கோலத்தில் ஒரு பெண். தலை நிறையப் பூ, கால் நிறையப் புழுதி. அவளுடைய அம்மா சாலை நடுவில் வந்து இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார்.

"பத்தரைக்குள்ள முகூர்த்தம்ணா. மாப்ள வூட்டுக்காரங்க பேஜார் புடிச்சவங்க. புண்ணியமா போவும், ஏத்திக்கினு போங்க."

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா நகர்ந்து தாய்க்கும் மகளுக்கும் இடம் விட்டாள். கல்யாணம் நடக்கிற ஊர் கடலுக்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது.

இரண்டாவது திருப்பத்திலேயே மணப்பெண்ணுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அத்தை தன் எலுமிச்சம்பழத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கொடுத்துவிட்டார். அவர் ஆயுளில் செய்த பெரிய தானம் அது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பெண் காரில் வந்து இறங்கியதும் மாப்பிள்ளை வீட்டார் முகம் மலர்ந்துபோயிற்று. தேங்காய் உடைத்தார்கள். மேளக்காரர் எங்களுக்காகவே தனியாக ஒரு சுற்று வாசித்தார். அப்போது பூசாரி, "தாய்மாமன் எங்க? பட்டம் கட்டணும், நேரமாவுது" என்று குரல் கொடுத்தார். தாய்மாமன் முறிந்த வண்டிக்கும் மாட்டுக்கும் காவலாகச் சாலையிலேயே நின்றுவிட்டிருந்தார். பெண்ணின் அம்மா ஒரு கணம் விழித்தார். அடுத்த கணம் நைனா பக்கம் திரும்பினார்.

"இன்னாண்ணா பாத்துக்கினு கீற? வந்து கட்டு!"

அதுவரை ஒரு அக்காவிடம் மட்டுமே அதட்டு வாங்கிப் பழகியவர் நைனா. திடீரென்று ஒரு தங்கையும் முளைத்த அதிர்ச்சியில், செருப்பைக் கழற்றிவிட்டு மணவறைக்குப் போய், அந்தப் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள்.

தாலி ஏறியது. கிளம்பலாம் என்றால், "தாய்மாமன் சாப்புடாம போறதா?" என்று மாப்பிள்ளை வீட்டார் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். இலையில் பாயசம் விழுகிற நேரத்தில் உண்மையான தாய்மாமன் யாருடைய சைக்கிளிலோ வந்து சேர்ந்தார், வேர்த்து ஒழுகிக்கொண்டு.

"நான் உயிர வுட்டு மிதிச்சிக்கினு வரேன், எவன்டா அது பட்டம் கட்னது?"

நைனா எச்சில் கையோடு எழுந்தார். "கோச்சிக்காத. அவுத்துட்டு நீ ஒருவாட்டி கட்டு."

பந்தலே சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பாவும் சிரித்தார். வந்த தாய்மாமனுக்கும் ஒரு முறை கட்டக் கொடுத்தார்கள். பிறகு இரண்டு தாய்மாமன்களும் அருகருகே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, மஞ்சளடித்த பயிரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அம்மா போய் நைனாவின் தோளைத் தட்டவேண்டியதாயிற்று.

மாமல்லபுரம் தொடும்போது மணி நாலரை. சவுக்குத் தோப்புக்குள் வண்டியை விட்டு, மணல் தடுத்த இடத்தில் நிறுத்தினார். அம்மா யாருக்கும் காத்திராமல் இறங்கி நடந்தாள்.

"பாத்தாச்சில்ல? ஏறு. உன் தம்பி கத்துவான்."

முழங்கால் தண்ணீரில் நின்றபடி, திரும்பாமலே அம்மா சொன்னாள்: "இன்னும் பாக்கல."

நைனா சொன்னதற்கு அம்மா மறுத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நைனாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, "எவ்ளோ தண்ணி! ஒரு போகத்துக்கு ஒதவாது" என்றார். அம்மா கரையோரமாகவே இன்னும் கொஞ்ச தூரம் போகவேண்டும் என்றாள். சதுரங்கப்பட்டினம்வரை போனோம். இடது பக்கம் சவுக்கு மரங்களின் இடுக்கில் கடல் வந்து வந்து போயிற்று. நைனாவின் டிராக்டர் வேகம் அன்று அந்தச் சாலைக்குத்தான் சரியாகப் பொருந்தியது. அத்தைகூட, கையில் பழம் இல்லாமலே, குமட்டலை மறந்திருந்தார்.

செங்கல்பட்டில் மாமா வாசலிலேயே நின்றிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "நம்ம வூட்டுப் பொண்ணு கல்யாணம்டா. தாய்மாமன் எப்டி பாதியில எழுந்து வரும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். யார் வீட்டுப் பெண், எந்தக் கல்யாணம் என்று யோசித்ததில் மாமா கோபப்பட மறந்துபோனார்.

ஒன்றரை வருஷம் கழித்து அந்தப் பெண், கைக்குழந்தையோடும் வெற்றிலைத் தட்டோடும் மானாம்பதிக்கே வந்து, காது குத்துக்கு எங்களை அழைத்தாள். போனோம், பஸ்ஸில்.

நைனாவும் அத்தையும் இப்போது இல்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, மகளின் காரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு அதே கரைக்குப் போனோம். எங்கும் நிற்காமல் போய்ச் சேர்ந்தோம். சவுக்குத் தோப்பு இருந்த இடத்தில் ஏதோ ஒரு விடுதியின் நீளமான மதிலும் இரும்பு கேட்டும் இருந்தன. காவலாளி, "ரூம் புக்கிங் இருக்குதாம்மா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். இல்லை என்றோம்.

அம்மா மெதுவாக இறங்கி, மதிலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா தெரியுது?" என்றேன்.

"ஒண்ணும் தெரியல. சத்தம் கேக்குது. உள்ளதான் கீது."